எதிர்க்கதவு அக்காவுக்குக் கொடுத்த வசன அட்டை

எனக்குக் கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும், புத்தி பின்னால் மூச்சிரைக்க ஓடிவரும். என் கணவர் இதைக் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்த ஒரு விஷயத்திலாவது அவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருப்பதுதான் எனக்குப் பெரிய எரிச்சல்.

கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், ஒரு கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. எங்கள் கதவுக்கு நேரெதிரே ஒரு யூதப் பெண்மணி தனியாக இருக்கிறார். எழுபத்தைந்தைத் தாண்டியவர், கணக்கு ரீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னைப் பிள்ளை என்பார். இரண்டு சொல்லும் நான் சொல்லிக் கொடுத்ததுதான். மற்றபடி எங்களுக்குள் ஆங்கிலம். ஆனால் அவருடைய ஆங்கிலம் என் காதுக்குள் நுழையும்போதே யாழ்ப்பாணத் தமிழாகிவிடும், அப்படியேதான் இங்கேயும் எழுதப்போகிறேன்.

நான் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறேன். பகல் முழுக்க மூன்று வயதுக்காரரோடு பிரெஞ்சில் மல்லுக்கட்டிவிட்டு வந்து, அக்காவின் சமையலறையில், எங்கள் பேச்சில் குசினியில், ஒரு தேத்தண்ணி குடித்தால்தான் எனக்கு உயிர் வரும். கணவருக்கு ஆற்றுக்கு அப்பால் புரோசார்டில் வேலை, பிள்ளைகள் ரொறன்ரோவில். இந்தக் கட்டிடத்தில் நான் வாய்விட்டுச் சிரிக்கிற ஒரே இடம் அந்தக் குசினி.

அக்காவுக்குக் குளிர்காலத்தின் நடுவில் இடுப்பு மாற்றும் ஒப்பரேஷன் என்று முடிவாயிற்று. எதற்கும் பயப்படாத மனுஷி மயக்க மருந்துக்குப் பயந்தார். "கண்ணை மூடினா திறப்பனோ எண்டுதான் யோசினை, பிள்ளை" என்றார் ஒரு நாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. கூடப் போக அவருக்கு ஆள் இல்லை. நான் லீவு எடுத்து வருவதாகச் சொன்னேன். ஆஸ்பத்திரித் தாளில் அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய ஆள் என்ற இடத்தில் என் பெயரைத்தான் எழுதிக் கொடுத்திருந்தார்.

இனி அட்டைக்கு வருகிறேன். எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபையில் புதுவருட ஆராதனை முடிந்ததும், ஒரு தட்டில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைப்பார்கள். ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். அதில் அச்சடித்திருக்கும் வேத வசனம்தான் அந்த வருடத்துக்கு ஆண்டவர் நமக்குத் தந்த வார்த்தை. "சீட்டிழுப்பு முடிஞ்சுதோ?" என்று என் கணவர் பகிடி பண்ணுவார், ஆனால் தன்னுடையதைப் பேர்சுக்குள் பத்திரமாக வைத்திருப்பார். நான் இந்த நாட்டுக்கு வந்த வருடத்திலிருந்து எடுத்ததெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருக்கிறது.

இந்த வருடம் அக்காவுக்காகவும் ஒன்று எடுத்தேன். எது வந்தது தெரியுமா? துன்பப்பட்ட ஒருவருடைய தழும்புகளால் எங்களுக்குச் சுகம் கிடைக்கிறது என்று தீர்க்கதரிசி சொன்ன வசனம்! எங்கள் ஆட்களில் யார் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் கட்டில் தலைமாட்டில் வைக்கிற வசனம் அதுதான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"சிலுவைப் படம் போட்ட அட்டையைக் கொண்டு யூத வீட்டுக்குப் போறீரோ?" என்றார் கணவர்.

"சொன்னது அவையின்ர தீர்க்கதரிசிதானே. அவைக்கு இன்னும் சந்தோசமாத்தான் இருக்கும்" என்றேன். எவ்வளவு பெரிய புத்திசாலி நான்!

அக்காவின் குசினியில் இருந்து அட்டையை வாசித்து, மொழிபெயர்த்தும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஆர் இந்த ஆள்? ஆரின்ர தழும்பு?"

"இயேசுதான். வேற ஆர்?"

"அது நாங்கள்" என்றார் அக்கா.

நான் சிரித்துவிட்டேன். "ஒரு சனம் முழுக்க எப்பிடி அக்கா ஒரு ஆளாகும்?"

"முன்பக்கங்களை வாசிச்சுப் பார். இந்த ஆளுக்கு அதில ஊழியக்காரன் எண்டுதான் பேர். ஊழியக்காரன், ஊழியக்காரன் எண்டு தீர்க்கதரிசி கூப்பிடுறது எங்கட சனத்தைத்தான். பிறகு மற்ற நாட்டு ராசாக்கள் பாத்துத் திகைக்கினம். எங்கட பிழைக்கெல்லோ இவன் அடி வாங்கினவன் எண்டு சொல்லுகினம்."

"அடி வாங்கினது, வாய் திறவாமல் நிண்டது, குற்றவாளியளோட செத்தது, எல்லாம் அவருக்கு அப்பிடியே நடந்தது அக்கா. நடக்க முதலே எழுதி வைச்சிருக்கு."

அக்கா அட்டையை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தார். பிறகு, "பத்து வயசில, இஞ்சை பள்ளிக்கூடத்தில, ஒரு ரீச்சர் என்னை எழுப்பி இந்த அதிகாரத்தை வாசிக்க வைச்சவ" என்றார். "வாசிச்சு முடிய, உங்கட ஆக்கள் ஆரைக் கொலை செய்தவை எண்டு இப்ப விளங்குதோ எண்டு கேட்டவ. முழு வகுப்பும் என்னைப் பாத்தது."

அந்த இடத்தில் நான் எழும்பிப் போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்திருக்க வேண்டும். செய்தேனா? இல்லை. "அந்த ரீச்சர் விசரி. ஆனா தீர்க்கதரிசியள் சொன்ன மீட்பர், மேசியா, வந்தது உண்மை அக்கா. நீங்கள்தான் காணேல்லை" என்றேன்.

"மேசியா வந்தா யுத்தம் நிக்கவேணும். தீர்க்கதரிசி சொன்ன அடையாளம் அதுதான். வந்திட்டார் எண்டா, நீ ஏன் பிள்ளை ரெண்டு பையோட உன்ர ஊரை விட்டு ஓடி வந்தனி?"

அது சுட்டது. இயேசு திரும்பவும் வந்து அதை நிறைவேற்றுவார் என்பதுதான் எங்கள் சபை சொல்லும் பதில். ஞாயிறுப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் என் வாய் எங்கோ கேட்டிருந்த வேறொன்றைத் தூக்கி எறிந்தது. "அதுக்குத்தானே உங்கட ஆக்கள் இந்த அதிகாரத்தைக் கோயில்ல வாசிக்காமல் ஒளிச்சு வைச்சிருக்கினம்!"

அக்கா எழுந்து கோப்பையைக் கழுவும் தொட்டியில் வைத்தார். "நீ போ, பிள்ளை. ஒப்பரேஷனுக்கு நான் தனியப் போவன்."

அதற்குப் பிறகு நடைபாதையில் கண்டால் "போன்ஜூர்" என்றார். அவ்வளவுதான். ஒரு நாளும் நாங்கள் பிரெஞ்சில் பேசிக்கொண்டதில்லை. கடைக்காரனுக்குச் சொல்கிற அந்தப் போன்ஜூர் எனக்கு அறைந்தது போல இருந்தது.

சரி, என்னுடைய பக்கம்தான் சரி என்று காட்டுகிறேன் என்று வேதாகமத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். மெற்றோவில் வாசித்தேன், பஸ்ஸில் வாசித்தேன். முதல் வெட்கம் அங்கேயே காத்திருந்தது. அந்த அதிகாரம் முழுக்கச் சிவப்புப் பேனையால் கோடு போட்டிருந்தேன். அதற்கு முந்திய பக்கங்களோ கடையில் வாங்கியது போலப் புதிதாக இருந்தன. இத்தனை வருடம் இந்தப் புத்தகத்தை அட்டை அட்டையாகத்தான் படித்திருக்கிறேன். அக்கா சொன்னபடியே, ஊழியக்காரன் என்று அக்காவின் முன்னோரான யாக்கோபின் சனத்தைத்தான் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறார் தீர்க்கதரிசி. எனக்கு வந்த கோபம்!

ஆனால் கொஞ்சம் தள்ளி வாசித்தபோது ஒரு இடம் அகப்பட்டது. அங்கே அந்த ஊழியக்காரனை அனுப்புவதே அந்தச் சனத்தை ஆண்டவரிடம் திருப்பிக் கொண்டுவரத்தான். சனமே சனத்தை எப்படிக் கொண்டுவரும்? "பிடிபட்டீங்கள் அக்கா!" என்று பஸ்ஸுக்குள்ளேயே கத்திவிட்டேன். பக்கத்தில் இருந்த பெடியன் எழுந்து பின்னால் போய்விட்டான்.

வீட்டுக்கு ஓடிவந்து கணவரிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டார். "எனக்குப் பசிக்குது எண்டதுதான் எனக்கு விளங்குது" என்றார்.

அப்போதுதான் எனக்கும் ஒன்று விளங்கியது. நான் கண்டுபிடித்ததைக் கேட்டுத் துள்ளக்கூடிய ஆள் இந்த ஊரில் ஒருவர்தான் இருந்தார். அந்த ஒருவரைத்தான், பத்து வயதில் எழுப்பி நிறுத்தினது போல, நானும் எழுப்பி நிறுத்தியிருக்கிறேன். அவர் கண்ணைத் திறக்காமலே போய்விட்டால், கடைசியாக நான் சொன்னது அந்தச் சொல்லாக இருக்கும்.

ஒப்பரேஷன் அன்று காலை, குளிர் கோட்டோடும் வேதாகமத்தோடும் நடைபாதையில் போய் நின்றேன். அக்கா ஒரு கையில் தடியும் மறுகையில் பையுமாகக் கதவைத் திறந்தார்.

"போன்ஜூர்."

"போன்ஜூரும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம். ஒளிச்சு வைச்சிருக்கினம் எண்டு நான் சொன்னது பெரிய பிழை அக்கா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் தடியை ஊன்றிக்கொண்டு என்னைத் தாண்டிப் போகப் பார்த்தார்.

"ஆனா ஒரு கேள்வி இருக்கு" என்றேன்.

அக்காவின் ஒரு புருவம் மேலே போனது. "டாக்சியில கேள்" என்று பையை என்னிடம் நீட்டினார்.

டாக்சியில் நான் கண்டுபிடித்த இடத்தை வாசித்துக் காட்டினேன். "சனத்துக்குள்ள நேர்மையா நிண்ட கொஞ்சப் பேர் மற்றவையை இழுத்துக்கொண்டு வருவினம்" என்றார் அக்கா, யோசிக்கக்கூட இல்லை. "அல்லாட்டில் தீர்க்கதரிசி தன்னைத்தான் சொல்லுறார்."

"ரெண்டு பதில் சொல்லக்கூடாது, ஒண்டு சொல்லுங்கோ!"

"எங்கட ஆக்களிட்ட இன்னும் இருக்கு, பிள்ளை. ஒளிச்ச கதையையும் கேள். ஒவ்வொரு சனியும் தீர்க்கதரிசிகளில ஒரு துண்டுதான் கோயில்ல வாசிக்கிறது. விடுபட்ட அதிகாரங்கள் எக்கச்சக்கம். ஒளிக்கிற ஆக்கள் முழுப் புத்தகத்தையும் வீட்டு அலுமாரியில வைச்சிருப்பினமோ?"

"நாங்களும் துண்டுதான் அக்கா, அட்டைத் துண்டு" என்று ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாள்!

ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்னைக் காட்டி, உறவா என்று கேட்டாள். "இல்லை, எதிர்க்கட்சி" என்றார் அக்கா. மோதிரம், மணிக்கூடு, கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி என் கையில் தந்தார். கண்ணாடியை வைக்கக் கூட்டைத் திறந்தேன். உள்ளே என்னுடைய அட்டை. சிலுவைப் படத்துக்கு மேலே ஒரு தாளை ஒட்டி, அதில் பென்சிலால் இலக்கம் போட்டு நான்கு கேள்விகள் எழுதியிருந்தார்.

"இவ்வளவு நாளும் உன்னோடதான் மனசுக்குள்ள சண்டை பிடிச்சனான்" என்றார். "மூண்டாவதுக்கு உன்னட்டப் பதில் இல்லை."

"இருக்கு. வெளிய வாங்கோ, சொல்லுறன்."

கட்டிலைத் தள்ளத் தொடங்கியதும் என் கையை இறுக்கிப் பிடித்தார். "பயமா இருக்கு, பிள்ளை." எனக்கும்தான். சொல்லவில்லை.

காத்திருந்த நேரம் முழுக்க அந்த வசனத்தைத்தான் முணுமுணுத்தேன். நோயாளிக்கு வேறு வசனம் எனக்குத் தெரியாது. தழும்பு யாருடையது என்பதை நீரே பார்த்துக்கொள்ளும், அக்காவை மட்டும் தாரும் என்று ஆண்டவரிடம் சொன்னேன்.

மத்தியானம் உள்ளே விட்டார்கள். அக்கா வெளிறிப்போய்ப் படுத்திருந்தார். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கண் இமை அசைந்தது. பாதி திறந்தது. என்னைத் தேடிப் பிடித்தது.

"எங்க விட்டனாங்கள்?" என்றார்.

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்க, மூக்குச் சிந்திச் சிந்தி அழுதேன். "மூண்டாவது கேள்வியில, அக்கா."