தரிசு என்று சொல்லும் படம்

ஞாயிறு காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு பசுவந்தனைப் பக்கம் போய், கண்ணில் பட்டதையெல்லாம் போனில் படம் பிடிப்பது என் வழக்கம். ஓடை, ஆட்டுக்கிடை, காய்ந்த கண்மாய். என் மனைவிக்கு இது வேலையற்ற வேலை. இருக்கட்டுமே, அவளிடம் வாதாடி ஜெயித்தவன் நான் இல்லை.

அன்று புரட்டாசி வெயில் சுள்ளென்று அடித்தது. மூன்று பக்கமும் சோலார் தகடுகள் மின்ன, நடுவில் ஒரு துண்டு நிலம் மட்டும் ஒரு புல்கூட இல்லாமல் கறுப்பாகக் கிடந்தது. அதை விட மனசில்லை. உள்ளே நாலு எட்டு வைத்துக் குனிந்து எடுத்தேன்.

"ஏ அண்ணாச்சி! யாரு அனுப்புனா உங்கள?"

மயில் விரட்ட உடைமர நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா கம்போடு ஓடி வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பைக் சாவி அவர் முந்தானைக்குள் போய்விட்டது.

"யாரும் அனுப்பலக்கா. சும்மா எடுக்கேன்."

"போன மாசமும் ஒருத்தன் சும்மாதான் எடுத்தான்!"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வெட்டவெளியைப் படம் எடுக்க யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று கேட்டும்விட்டேன். கம்பு என் முகத்துக்கு நேரே வந்தது. அப்போதுதான் பயந்தேன்.

கம்பைத் தாழ்த்தாமலே விஷயத்தைச் சொன்னார். நிலம் அவர் கணவருக்கும் கொழுந்தனுக்கும் கூட்டுப் பட்டா. கணவர் உயிரோடு இல்லை. கொழுந்தன் சென்னையில். இந்த இடத்தைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பிய புரோக்கர், தரிசாகத்தானே கிடக்கிறது, சோலார் கம்பெனிக்குக் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறான். வெள்ளிக்கிழமை அவர் கையெழுத்துப் போட வருகிறாராம்.

"தரிசாம்லா! மழைய நம்பி மக்காச்சோளம் வெதச்சிருக்கேன். அந்த வெதை மேலதான் நீங்க மிதிச்சிட்டு நிக்குதீங்க."

பதறி வரப்புக்கு ஏறினேன். மழைக்கு முந்திப் புழுதியில் விதைப்பது இந்தப் பக்கத்தில் யாருக்குத் தெரியாது? எனக்கும் தெரியும். ஆனால் போன் வழியாகப் பார்க்கையில் எனக்கும் அது வெறும் நிலமாகத்தான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. படங்களை அழித்தேன்.

"அழிச்சது இன்னொரு பெட்டியில போயி கெடக்குமாம்லா. அதையும் அழிங்க."

அதையும் அழித்துக் காட்டினேன். சாவி கைக்கு வந்தது. வண்டியைக் கிளப்பும்போது மறுபடி குரல்.

"கொஞ்சம் நில்லுங்க. ஒண்ணே ஒண்ணு எடுங்க. நான் நடுவுல நிக்கேன்."

"எதுக்குக்கா?"

"கொழுந்தனாருக்கு அனுப்பணும். ஆளு நிக்குத நெலத்த அவிய எப்பிடித் தரிசுங்காவன்னு பாப்போம்."

விதை மிதிபடாமல் ஓரம் பார்த்து நடந்து போய், கம்பை ஊன்றி நின்றார். சிரிக்கவில்லை. எடுத்தேன். அவரிடம் இருந்தது பட்டன் போன். கொழுந்தன் எண்ணை மனப்பாடமாகச் சொன்னார், என் போனிலிருந்தே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். டிக் நீலமாகும்வரை இருவரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

நீலமானது.

"பாத்துட்டாவல்லா. இனி வரட்டும்" என்றவர், மயில் இறங்கிய மூலையைப் பார்த்து ஓடினார்.