கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ஞானஸ்நானம்

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்கள் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய சனிக்கிழமை சாயங்காலம் பாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். காபியைக் குடித்து முடித்து, டம்ளரை ஓரமாக வைத்த பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னார்.

"பாப்பா தண்ணியில எறங்கிட்டா மத்ததெல்லாம் தானா நடக்கும்ங்கண்ணா. அது ஒண்ணுதான் பாக்கி."

பாப்பா என்றது என் மகளை. ஓசூரில் ஒரு கம்பெனியில் டிசைன் பிரிவில் வேலை பார்க்கிறாள். அவளுக்குப் பேசியிருந்த பையன் சிப்காட்டில் இன்னொரு கம்பெனியின் டூல் ரூமில் இருக்கிறான். அவனும் அவன் அம்மாவும் பாஸ்டரின் பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவர்கள். நாங்கள் பழைய புராட்டஸ்டன்ட் சபை. குழந்தைக்குத் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுப்போம். வளர்ந்த பிறகு திடப்படுத்தல் செய்து, அப்பமும் ரசமும் பெறும் நற்கருணைக்கு அனுமதிப்போம். பாஸ்டரின் சபைக்கு அது ஞானஸ்நானமே அல்ல. ஒருவர் விசுவாசித்து, தானே கேட்டு, தண்ணீரில் முழுவதும் மூழ்கி எழுந்தால்தான் ஞானஸ்நானம். அது இல்லாத பெண்ணுக்கு அவர் கல்யாணம் நடத்தி வைக்க மாட்டார். பையனின் அம்மாவும் அந்தப் பெண்ணை மருமகளாக ஏற்க மாட்டார்.

எங்கள் பக்கத்திலும் ஒரு கதவு சாத்தியிருந்தது. இரண்டாம் முறை ஞானஸ்நானம் எடுத்தவருக்கு எங்கள் சபையில் நற்கருணை கிடையாது. என் மகள் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் ஒரு வீடு அவளுக்கு மூடிவிடும்.

என் கவலை இவ்வளவோடு நிற்கவில்லை. அவளுக்குத் தண்ணீர் ஊற்றியது ஆயர் அல்ல, நான்.

அவள் எட்டாம் மாதத்தில், கிருஷ்ணகிரியில் ஓர் ஆஸ்பத்திரியில் பிறந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். மூச்சு நின்று நின்று வந்தது. அங்கிருந்த நர்ஸ் கத்தோலிக்கப் பெண். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க கிறிஸ்டியன்தானே சார்? காத்திருக்க வேணாம். நீங்களே ஊத்தலாம்" என்றாள். சாகும் நிலையில் உள்ள குழந்தைக்கு விசுவாசி யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது எங்கள் சபையின் வழக்கமும்தான். நான் அதைப் படித்திருந்தேன். செய்ய வேண்டி வரும் என்று நினைத்ததில்லை. பெட்டியின் பக்கவாட்டில் கை நுழைக்க ஒரு வட்ட வாசல் இருந்தது. கொதித்து ஆறிய நீரில் விரலை நனைத்து, அதன் வழியே கையை விட்டு, பெயர் சொல்லி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் மூன்று முறை அவள் நெற்றியில் வைத்தேன். என் மனைவி அப்போது வேறு வார்டில் மயக்கத்தில் இருந்தாள்.

குழந்தை பிழைத்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வெந்து காலத்தின் முதல் ஞாயிறன்று கோயிலுக்குத் தூக்கிப் போனோம். அன்றைய ஆயர் அவளைச் சபையார் முன் உயர்த்திக் காட்டினார், ஆனால் தண்ணீர் ஊற்றவில்லை. "ஏற்கெனவே ஊத்தியாச்சு. ரெண்டாம் தரம் ஊத்துனா, மொத தரம் ஆண்டவர் வரலைன்னு சொன்ன மாதிரி ஆயிரும்" என்றார்.

இதையெல்லாம் பாஸ்டரிடம் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நீங்க செஞ்சது நல்ல ஜெபம்ங்கண்ணா. கர்த்தர் அதைக் கேட்டாரு. ஆனா ஞானஸ்நானம்னு சொல்ல முடியாது. பாப்பா விசுவாசிக்கலையே. மூச்சு விடவே தெரியாத கொழந்தை."

"நான் விசுவாசிச்சேனே."

"ஒருத்தருக்காக இன்னொருத்தர் சாப்பிட முடியாதுங்களே" என்று சிரித்தார். என் மனைவியும் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை.

பாஸ்டரை எனக்குப் பிடிக்காது என்று இதிலிருந்து யாரும் எண்ண வேண்டாம். ஞாயிறு காலை எங்கள் கோயில், வெள்ளிக்கிழமை அவருடைய உபவாச ஜெபம் என்பது என் மனைவியின் பல வருட ஏற்பாடு. எங்கள் சபைப் பெண்களில் பாதிப் பேர் அப்படித்தான், ஆயருக்கும் தெரியும். இந்தச் சம்பந்தமே அந்த வெள்ளிக்கிழமைகளில் முளைத்ததுதான்.

அந்த நோன்புக் காலமான லெந்தின் இரண்டாம் வாரம் நான் பாஸ்டரைத் தேடிப் போனேன். சிப்காட் சாலையில் ஒரு டயர் கடைக்கு மேலே, தகரக் கூரை போட்ட மண்டபம். அதையொட்டிய சின்ன அறையில் சுவர் நிறையப் புத்தகங்கள். பெங்களூரில் வேதாகமக் கல்லூரியில் படித்தவர். தமிழில் பிரசங்கித்துக்கொண்டே தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் தாவுவார். கேட்கிறவர்களும் கூடவே தாவுவார்கள்.

நான் ஆயத்தமாகப் போயிருந்தேன். ஆண்டவரின் வாக்குத்தத்தம் முதலில் வருகிறது, விசுவாசம் அதற்குப் பதிலாகப் பின்னால் வருகிறது என்று எங்கள் பக்கத்து வாதத்தை வைத்தேன். அவர் ஒவ்வொரு வசனமாக எடுத்து, விசுவாசித்தார்கள், பிறகு ஞானஸ்நானம் பெற்றார்கள் என்ற வரிசையைக் காட்டினார். வீட்டார் அனைவரும் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று எழுதியிருக்கிறதே, அந்த வீட்டில் குழந்தையே இருந்திருக்காதா என்று நான் கேட்டேன். இருந்ததாக எழுதியிருக்கிறதா என்று அவர் கேட்டார். கீழே டயருக்குக் காற்று நிரப்பும் மெஷின் விட்டு விட்டு இரைந்தது.

கடைசியில் எனக்குக் கோபம் வந்தது. "இந்தத் தண்ணிக்காக எத்தனை குடும்பத்தைப் பிரிச்சிருக்கீங்க?"

அவர் முகம் மாறியது. "சரித்திரம் நீங்க படிச்சவரு. ஐரோப்பாவுல எங்களை மாதிரி வளந்தவங்களுக்குத் தண்ணி குடுத்தவங்களை ஆத்துல முக்கிக் கொன்னது யாருங்கண்ணா? போப்பு ஆளுங்க மட்டுமா?"

 எங்கள் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தம் பேசிய ஊர்களிலேயே அது நடந்தது என்பது எனக்குத் தெரியும்.

"எங்கப்பா உங்களை மாதிரி பழைய சபையில உபதேசியாரு" என்றார், குரலைத் தாழ்த்தி. "எனக்கும் கொழந்தையில ஊத்துனாங்க. நான் காலேஜ் முடிச்சுட்டு தண்ணியில எறங்குனேன். அதோட எங்கப்பா என்கிட்ட பேசுறதை விட்டுட்டாரு. என் கல்யாணத்துக்கும் வரலை. நாற்காலி போட்டு வெச்சிருந்தேன், காலியாவே இருந்துச்சு. அதனால, குடும்பம் பிரியறது எனக்குத் தெரியாதுன்னு மட்டும் நினைச்சுக்காதீங்க."

வீட்டுக்கு வந்து மகளிடம், தண்ணீரில் இறங்கப் போகிறாயா என்று நேராகவே கேட்டேன். லேப்டாப்பை மூடினாள். வழக்கமாக அதை மூடாமலே பதில் சொல்கிற பெண் அவள்.

"நீங்க வேலை பாத்தப்ப மைக்ரோமீட்டர், கேஜ் எல்லாத்துக்கும் வருஷா வருஷம் ஸ்டிக்கர் மாத்துவீங்களே. என்னையும் ரீகேலிபரேட் பண்றாங்கன்னு வெச்சுக்கோங்களேன்" என்பது அதுவரை அவள் சொல்லிவந்த கேலி. நான் பணி ஓய்வு பெறும்வரை அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில்தான் இருந்தேன். "புது ஸ்டிக்கர் ஒட்டறவன் போன வருஷம் அளந்தது பொய்யின்னு சொல்ல மாட்டான்" என்பது என் வழக்கமான பதில். அன்று அவள் கேலி செய்யவில்லை.

"அப்பா, போன வருஷம் உபவாசக் கூட்டத்துல அம்மா பக்கத்துல முழங்கால்ல இருந்தேன். ஆவி எறங்கி, எனக்கே புரியாத அந்நியபாஷை வந்துச்சு. என் நாக்குதான், ஆனா நான் பேசலை. நீங்க நம்ப மாட்டீங்கன்னு சொல்லலை."

"நம்பறேன்" என்றேன். அது உண்மையா என்று எனக்கே உறுதியில்லை. ஆனால் அவள் பொய் சொல்பவள் அல்ல.

"தண்ணியில எறங்காதவளுக்கு ஆவி எப்பிடி வந்துச்சுன்னு பாஸ்டர்கிட்ட கேட்டேன். பைபிள்ல வர்ற அந்த நூற்றுக்கு அதிபதி வீட்டுல ஆவி மொதல்ல, தண்ணி அப்புறம்னாரு."

"சரியாத்தான் சொல்லியிருக்காரு."

"அப்ப எனக்குத் தண்ணி மொதல்ல வந்து, ஆவி அப்புறம் வந்திருக்கக் கூடாதா?"

எங்கள் இரண்டு சபைகளின் புத்தகங்களிலும் நான் இந்தக் கேள்வியைப் பார்த்ததில்லை. "அவர்கிட்ட இதைக் கேட்டியா?"

"இல்ல." பிறகு, "வர்ற சனிக்கிழமை ராயக்கோட்டைப் பக்கம் ஞானஸ்நான ஆராதனை. நான் போறேன். நீங்களும் வாங்க" என்றாள். மாற்றுத் துணியை ஒரு பையில் மடித்து வைத்தாள். என் மனைவி அதன் மேல் ஒரு துண்டு வைத்தாள். நான் அந்தப் பையைப் பார்க்காமல் நடமாடினேன்.

அது லெந்தின் மூன்றாம் ஞாயிற்றுக்கு முந்தைய சனிக்கிழமை. கெலமங்கலம் தாண்டி காரில் போனோம். பாஸ்டரின் சபை முன்பெல்லாம் ஆற்றில்தான் ஞானஸ்நானம் கொடுக்கும். ஆற்றில் கழிவு நுரை பொங்கத் தொடங்கிய பின் விட்டுவிட்டார்கள். "அதுல முக்குனா பாவமும் போயிரும், தோலும் போயிரும்" என்பார் பாஸ்டர். இப்போது சபையார் ஒருவருடைய தக்காளித் தோட்டத்தில், சொட்டுநீருக்கு நிரப்பி வைக்கும் சிமெண்டுத் தொட்டிதான் அவர்களுடைய யோர்தான் ஆறு.

வெயில் ஏறியிருந்தது. பையனின் அம்மா வெள்ளைச் சேலையில், அவர்கள் சபை வழக்கப்படி கழுத்தும் காதும் வெறுமையாக, ஒரு பெரிய துண்டைப் பிடித்தபடி தொட்டி ஓரம் நின்றார். மேலேறி வரும் மருமகளைப் போர்த்துவதற்கு. பையன் எனக்கு வணக்கம் சொன்னான், கண்ணைப் பார்க்கவில்லை.

மூன்று மொழிகளிலும் பாட்டு முடிந்தது. பாஸ்டர் தொட்டிக்குள் இடுப்பளவு நீரில் நின்றார். இறங்கும் ஒவ்வொருவரையும் சபையார் கேட்க ஒரு கேள்வி கேட்பது அவர்கள் முறை: இதற்கு முன்னால் ஞானஸ்நானம் எடுத்ததுண்டா? முதலில் ஒரு கன்னடக்கார இளைஞன், இல்லை என்றான், மூழ்கி எழுந்தான். அடுத்து, பழைய சபையிலிருந்து வந்த ஒரு நடுவயதுப் பெண். "இல்லீங்க பாஸ்டர். கொழந்தையில தலையில தண்ணி தெளிச்சாங்க, அவ்ளோதான்" என்றாள். ஸ்தோத்திரம் என்று கூட்டம் குரல் கொடுத்தது.

அந்த 'அவ்ளோதான்' கேட்டு நான் தொட்டியிலிருந்து முகத்தைத் திருப்பினேன். என் மனைவி என் முழங்கையைப் பிடித்தாள்.

என் மகள் முதல் படியில் இறங்கினாள். கணுக்கால் வரை தண்ணீர்.

"இதுக்கு முன்னால ஞானஸ்நானம் எடுத்ததுண்டாம்மா?"

"எடுத்திருக்கேன் பாஸ்டர்."

ஸ்தோத்திரம் சொல்ல வாயெடுத்த கூட்டம் பாஸ்டரைப் பார்த்தது.

"கொழந்தையில ஊத்துனதைச் சொல்றியா?"

"ஆமா. பொழைப்பனா மாட்டேனான்னு தெரியாதப்ப எங்கப்பா ஊத்துனது. அதுக்கப்புறம் ஒவ்வொண்ணா வந்துச்சு. விசுவாசம், ஆவியோட அபிஷேகம் எல்லாம். இந்தத் தண்ணியும் எனக்கு வேணும் பாஸ்டர், ஆசையாத்தான் வந்தேன். ஆனா அது இல்லைன்னு சொல்லிட்டு வேணாம்."

கூட்டத்தில் மூப்பர் ஒருவர், "முக்கிருங்க பாஸ்டர், அப்புறம் பேசிக்கலாம்" என்றார். சிலர் ஆமென் என்றார்கள். பாஸ்டரின் கை ஏற்கெனவே நீண்டிருந்தது. ஒரு கணம் அவர் அதைச் செய்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். நான் ஓரடி முன்னால் போனதும் நினைவிருக்கிறது. என்ன செய்யப் போனேன் என்பது நினைவில்லை.

அவர் கையைத் தண்ணீருக்குள் இறக்கிக்கொண்டார்.

"மனசு ஒத்துக்காதவளை முக்குனா, பழைய சபையில கொழந்தைக்குச் செய்யறதுக்கும் நாம செய்யறதுக்கும் என்னாங்க வித்தியாசம்?" மூப்பரைப் பார்த்துச் சொன்னார். "விசுவாசம் இல்லாம எறங்குனா அது குளியல்னு முப்பது வருஷமா பிரசங்கம் பண்றேன். இன்னைக்கு நானே குளிப்பாட்டி அனுப்பறதா?" பிறகு அவளிடம், "மேல ஏறும்மா. உனக்கு நான் தண்ணி குடுக்க முடியாது" என்றார்.

அவள் ஏறினாள். அழுதுகொண்டிருந்தாள். ஒரு வாதத்தில் எங்கள் பக்கம் தோற்கவில்லை என்று நான் நிம்மதிப்பட்டிருக்கலாம். அவள் அழுகை அதற்கு இடம் தரவில்லை. அவளுக்கு அந்தத் தண்ணீர் உண்மையாகவே வேண்டியிருந்தது.

மீதிப் பேருக்குக் கொடுத்து முடித்து, பாஸ்டர் சொட்டச் சொட்ட எங்களிடம் வந்தார்.

"எங்க சபையில நான் இவங்களுக்குக் கல்யாணம் நடத்த முடியாதுங்கண்ணா. எனக்கு மேல பெரியவங்க இருக்காங்க. இன்னைக்கு நடந்ததுக்கே பதில் சொல்லணும். உங்க கோயில்ல வெச்சுக்கோங்க."

"நீங்க வருவீங்களா?"

"மேடை ஏற மாட்டேன். கீழ உக்காருவேன்." சட்டை நுனியைப் பிழிந்தார். "நாற்காலி காலியா இருக்காது."

பையன் அவன் அம்மாவைப் பார்த்தான். நாங்கள் எல்லோரும் அந்த அம்மாவைத்தான் பார்த்தோம். அவர் துண்டை மார்போடு அணைத்தபடி அதே இடத்தில் நின்றார். "பாஸ்டரே சொல்லிட்டாரும்மா" என்றான் பையன், மெதுவாக. "பாஸ்டர் சொல்லுவாரு. சொந்தக்காரங்களுக்கு நானில்ல பதில் சொல்லணும்" என்றார் அவர். அந்த வார்த்தையோடு எல்லாம் முடிந்தது என்றே எண்ணினேன். என் மனைவி காரை நோக்கித் திரும்பியும் விட்டாள்.

பையனின் அம்மா வரப்பைத் தாண்டி என் மகளிடம் வந்தார். நனைந்த காலோடு செம்மண்ணில் நின்றிருந்தாள்.

"எவ்ளோ நேரம் இப்பிடியே நிப்ப? சேறாகுது பாரு." துண்டை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். பிறகு என்னிடம், இன்னும் இறுகிய முகத்தோடு, "எப்ப வெச்சுக்கலாம்ங்கறீங்கண்ணா?" என்று கேட்டார்.

"லெந்து நாள்ல எங்க கோயில்ல கல்யாணம் நடத்த மாட்டாங்க. ஈஸ்டர் முடியணும்."

"எங்களுக்கு ஏதுங்க லெந்து" என்றவர், தொட்டியை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். "சரி, உங்க கோயில்ல வெக்கறப்ப உங்க நாள் கணக்குதான்."