சோபாக்காரர் நின்று பார்த்த படம்

சோபாக்காரர் என்றதும் சோபா வைத்திருப்பவர் என்று நினைத்துவிட வேண்டாம், விற்பவர். "உட்கார்ந்து பாருங்க சார், எந்திரிக்கவே மனசு வராது" என்று கடை மூடும்வரை ஊரையெல்லாம் உட்காரவைக்கும் அவருக்கு, கடையில் உட்காரத் தடை. அது முதலாளி போட்ட சட்டம். வீட்டில் சட்டம் போடுவது கைக்குழந்தையான மகள். அப்பா தோளில் போட்டுக்கொண்டு நின்றால் தூங்குவாள். அவர் முழங்கால் லேசாக மடங்கினாலும் கண் விழித்து ஊரைக் கூட்டிவிடுவாள்.

செவ்வாய்க்கிழமை அவருக்கு வார விடுமுறை. அன்று மட்டுமாவது வேலைக்குப் போகலாமென்று மனைவி, தான் முன்பு வேலை பார்த்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் மறுபடி சேர்ந்திருந்தாள். முதல் செவ்வாயே, ஒருவர் கையில் ஊசி குத்திக்கொண்டிருந்தவளைப் போனில் கூப்பிட்டு, "நிறுத்தவே மாட்டேங்கிறா" என்று இவரும் சேர்ந்து அழாத குறை. அங்கிருந்த டாக்டர் முகம் சுளித்தார்.

"இன்னொரு தடவை போன் வந்துச்சுன்னா வேலை போயிடும்ங்க. அப்புறம் நீங்க சோபா வித்துட்டு வர்றவரைக்கும் நான் சுவரோடதான் பேசிக்கிட்டு இருக்கணும்" என்றாள்.

அடுத்த செவ்வாய், கத்துகிற மகளோடு வெயிலுக்கு ஒதுங்கியவர் ஒரு கலைக்கூடத்துக்குள் நுழைந்துவிட்டார். மற்றவர்கள் திரும்பிப் பார்க்கப் பார்க்க, கால் போன போக்கில் மூன்றாவது அறைக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஒரு படம். பெரிய சாம்பல் சதுரம், மூலையில் மஞ்சள் கீற்று; அடிப்பிடித்த பாத்திரத்தைச் சுவரில் மாட்டியதுபோல இருந்தது. சுவருக்குப் பின்னால் ஏசி எந்திரம் "ம்ம்ம்" என்று முனகிக்கொண்டிருந்தது. குழந்தை ஒருமுறை விம்மியது, தூங்கிவிட்டது.

"அந்த பெஞ்சுல உக்காருங்கண்ணே" என்றாள் காவலுக்கு இருந்த பெண்.

"உக்காந்தா முழிச்சுக்குவாம்மா."

அதன்பின் ஒவ்வொரு செவ்வாயும் அவர் அங்கேதான். ஒரே படத்தின் முன், அசையாமல். சேதி கலைக்கூடப் பொறுப்பாளர் காதுக்குப் போனது. கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்த அந்த அம்மாள் அவரைத் தேடியே வந்துவிட்டார்.

"வாராவாரம் இதே படம். அப்படி என்ன தோணுது உங்களுக்கு?"

"மெதுவாப் பேசுங்க மேடம்" என்றார் இவர், மூச்சுவிடாமல்.

அம்மாளுக்குப் புல்லரித்தது. "உடம்புல ஏதாவது செய்யுதா?"

"இடுப்புக்குக் கீழ மரத்துப்போச்சு."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. அடுத்த செவ்வாய் போனால், படம் வாசல் கூடத்துக்கு இடம்பெயர்ந்திருந்தது. சுற்றிலும் பட்டுக்கயிறு, மேலே விளக்கு, கீழே 'காண்போரை மரத்துப்போகச் செய்யும் படைப்பு' என்றொரு அட்டை. போதாக்குறைக்கு, அவருக்கென்றே ஒரு மெத்தை நாற்காலி! விளக்கு கண்ணில் பட்டதும் குழந்தை வீரிட்டது. குலுக்கினார், தட்டினார். கை தானாகப் போனை எடுத்தது. மனைவியின் பெயர்மேல் விரல் வந்து நின்றது. சுவரோடதான் பேசணும் என்றாளே. போனைப் பைக்குள் திணித்துக்கொண்டு மூன்றாவது அறைக்கு ஓட்டமாக ஓடினார்.

வெறும் சுவர். நடுவில் ஓர் ஆணி. பின்னால் அதே "ம்ம்ம்". குழந்தை அடங்கியது.

அவர் ஓடியதைப் பார்த்த சிலர் பின்னாலேயே வந்திருந்தார்கள்.

"என்னத்தப் பாக்குறாரு?"

"தெரியல. ஆனா கண்ண எடுக்க மாட்டேங்கிறாரே."

"அங்க இருக்கிறதவிட இது ஆழமா இருக்கு, இல்ல?"

"வெளிச்சத்த மட்டும் வச்சு என்னமா விளையாடியிருக்கான்!"

கூட்டம் சேர்ந்தது. அந்த நேரம் பார்த்து, வேறொரு படத்தை மாட்ட டிரில்லோடு வந்து நின்றார் தச்சர். சோபாக்காரர் மகளின் காதைப் பொத்தினார். ஒரு 'டர்ர்' போதும், மனைவியின் வேலைக்கு உலை.

"அண்ணே, வேணாம்ண்ணே" என்று கிசுகிசுத்தார்.

"என் வேலைய நான் பாக்க வேணாமா?" என்று தச்சர் டிரில்லைத் தூக்கினார். அதற்குள் பொறுப்பாளர் அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, ஆணியைப் பார்த்தார். ஆணியைப் பார்ப்பவர்களைப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி ஆணியைப் பார்த்தார்.

"யாரும் அதத் தொடக்கூடாது! கயிறு கொண்டு வாங்க!"

சாயங்காலம் வீடு திரும்பிய மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்: "போனே வரல. இன்னிக்கு என்ன பாத்தீங்க?"

"ஆணி."

"பாப்பா தூங்கினாளா?"

"தூங்கினா."

"அப்ப நல்ல ஆணிதான்" என்று குழந்தையை வாங்கிக்கொண்டாள். சோபாக்காரர் தரையிலேயே உட்கார்ந்தார்.