ஆயிரம் குஞ்சுக்கு ஒரு பாட்டில்

போன வியாழக்கிழமை காலை தறிக்கூடத்தில் இருந்தபோது பிலோமினா அக்காவின் தம்பி சேவியரிடமிருந்து போன் வந்தது. தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்து மறுபடி கூப்பிட்டேன்.

"அக்கா போயிட்டாங்க. பால்காரர் கூப்பிட்டுப் பாத்திருக்காரு, கதவு தொறக்கலீங்க. ஹார்ட்டுன்னு சொல்றாங்க" என்றார். நான் வாய் திறப்பதற்குள் அடுத்ததைக் கேட்டுவிட்டார். "இந்தக் கோழியெல்லாம் என்னங்க பண்றது? யாராவது புடிச்சுட்டுப் போனாத் தேவலைங்க."

அவர்மேல் வந்த கோபம் இன்னும் முழுதாக அடங்கவில்லை. அக்கா மேலும் கோபம்தான். ஞாயிற்றுக்கிழமைக்கு ஊரையே வரச் சொல்லிவிட்டு வியாழக்கிழமை போய்ச் சேர்ந்தால் என்ன அர்த்தம்? இறந்தவரைப் பற்றி இப்படி எழுதக் கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அவரோடு பழகிய யாரும் அவரைப் பற்றி எரிச்சல் கலக்காமல் பேசி நான் கேட்டதில்லை.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிலோமினா அக்கா கோவையில் ஒரு மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. சூலூரைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு இரண்டு மனை தள்ளி வீடு கட்டித் தனியாக இருந்தார். 'மூச்சை இழுத்துப் புடிங்க' என்று காலமெல்லாம் சொல்லிப் பழகிய குரல். சும்மா பேசினாலே எதிரில் இருப்பவர் அசையாமல் நிற்பார்.

அவர் கோழி வளர்க்க வந்ததே தற்செயல். மருத்துவமனை டாக்டர் ஒருவர் தம் பிள்ளைகளுக்காக வெளியூரிலிருந்து ஒரு ஜோடி சில்கி கோழி வாங்கி வந்திருந்தார். சில மாதங்களில் பிள்ளைகளுக்குச் சலித்துவிட்டது. யாராவது எடுத்துக்கொள்கிறீர்களா என்று டாக்டர் கேட்க, அக்கா குளுக்கோஸ் பாட்டில் வந்த அட்டைப்பெட்டியில் அவற்றை வைத்து டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டார். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "ஏனுங்க்கா, இது நாய்க்குட்டிங்களா, முயலுங்களா?" என்று கேட்டாராம். "கோழி. டிக்கெட் வேணும்னா கிழிங்க" என்றிருக்கிறார் அக்கா.

கண்டக்டர் கேட்டதிலும் தவறில்லை. சில்கிக்கு இருப்பதை இறகு என்று சொல்ல மனம் வராது, பஞ்சுதான். கொண்டை கண்ணை மறைக்கும். பறக்காது. பஞ்சை விலக்கினால் தோல் கறுப்பு. காலில் நாலுக்குப் பதில் ஐந்து விரல். அடை உட்காருவதற்கென்றே பிறந்தது போல, முட்டை இல்லாவிட்டாலும் உட்காரும். அக்காவின் பின்கட்டில் வெள்ளையும் சாம்பலுமாக அவை பெருகின. கருங்கோழி என்று நினைத்து ஒருவர் வந்து, "ஆஸ்துமாவுக்கு இதோட ரத்தம் நல்லதாமுங்களே" என்று இழுத்தார். "ஆஸ்துமாவுக்கு டாக்டரைப் பாருங்க. வேணும்னா எக்ஸ்ரே நான் எடுத்துத் தாரேன்" என்று கேட்டைச் சாத்திவிட்டார்.

நானும் ஒரு ஜோடி கேட்டேன். உடனே தரவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து கூண்டைச் சுற்றிப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டிக்குள் கையை விட்டார். "தம்பி, இதுல கோழி தண்ணி குடிக்குமா, நீச்சலடிக்குமா? கொண்டை நனைஞ்சாச் சளி புடிச்சுக்கும். இப்பத்திக்கு இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தொட்டியை மாற்றினேன். வெயில் நேரே விழுகிறது என்றார். கூரை போட்டேன். நாயை எங்கே கட்டுவீர்கள் என்றார். என் மனைவி சரஸ்வதி, "பொண்ணு கேட்டுப் போனாக்கூட இத்தனை நொட்டைச் சொல் இருக்காதுங்க" என்று தலையில் அடித்துக்கொண்டாள். கடைசியில் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வெள்ளைச் சேவலையும் பெட்டையையும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்.

அதற்கடுத்த வருடம் நோய் வந்தது. இரண்டு மூன்று மாதக் குஞ்சுகள் ஒரு காலை முன்னாலும் மறு காலைப் பின்னாலும் நீட்டிக்கொண்டு விழுந்தன. தீனி தின்னும், எழ முடியாது. அவர் வீட்டிலும் என் வீட்டிலும் ஒவ்வொன்றாகச் செத்தன. சில்கிகளை இந்த வாத நோய் எளிதில் பிடிக்கும் என்றும், பொரித்த அன்றே கழுத்தில் ஊசி போட்டால்தான் உண்டு என்றும், வந்த பிறகு வைத்தியம் இல்லை என்றும் கால்நடை டாக்டர் சொன்னார்.

ஊசி மருந்து விலைக்குக் கிடைத்தது. ஆனால் ஒரு பாட்டில் ஆயிரம் குஞ்சுக்கு. கரைத்துவிட்டால் ஒரு மணி நேரம், அதிகம் போனால் இரண்டு. அதற்குள் போட்டு முடிக்க வேண்டும். பெரிய பண்ணைக்காரர்களுக்கு அது சரி. பத்துப் பன்னிரண்டு குஞ்சு வைத்திருப்பவர் என்ன செய்வது? அக்கா குஞ்சுப் பண்ணைகளுக்குப் போன்மேல் போன் போட்டார். வெளிக்குஞ்சை உள்ளே விட மாட்டோம் என்றார்கள். மருந்துக்கடைக்காரர், "ஒரு பாட்டில் வாங்கிப் போட்டுட்டு மிச்சத்தைக் கொட்டீருங்கம்மா" என்றார்.

அன்று மாலை என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு அக்கா கேட்டதை மறக்க முடியவில்லை. "ஊருக்குள்ள இத்தனை பேரு குஞ்சு சாகறதைப் பாத்துட்டு உக்காந்திருக்காங்க. நான் மட்டும் தொள்ளாயிரத்துச் சொச்சம் குஞ்சுக்கான மருந்தைச் சாக்கடையில ஊத்தோணுமா தம்பி?"

அவருடைய யோசனை எளிமையானது. எல்லோரும் ஒரே நாளில் முட்டை வைத்தால் ஒரே நாளில் பொரிக்கும். குஞ்சுகளை அன்றே ஓரிடத்துக்குக் கொண்டுவந்தால் ஒரு பாட்டில் அத்தனைக்கும் ஆகும். மேட்டுப்பாளையத்தில் காய்கறி மண்டி வைத்திருக்கும் ஜாபர், உடுமலைப்பேட்டையில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் நாச்சிமுத்து, நான் என்று நாலைந்து பேரைச் சேர்த்தார்.

முதல் முறை கேவலமாக முடிந்தது. ஜாபர் வீட்டில் கரண்ட் போய் இன்குபேட்டரில் இருந்த முட்டையெல்லாம் வீண். நாச்சிமுத்து வெறுங்கையோடு வந்து நின்றார். அமாவாசை கழியட்டும் என்று இரண்டு நாள் தள்ளி முட்டை வைத்தாராம்.

"நல்ல நாள் பாத்து வெச்சனுங்க்கா."

"குஞ்சுக்கு என்ன கல்யாணமா பண்றோம்? நாள் பாத்தாராமா நாளு."

பதினொரு குஞ்சுக்குப் பாட்டிலைக் கரைத்தோம். மீதியைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு அக்கா உள்ளே போனார். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்து அடுத்த தேதியைச் சொன்னார்.

இரண்டாம் முறை அவர் யாரையும் நம்பவில்லை. முட்டை வைக்கும் நாளன்று ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு, முட்டையைக் கோழிக்கடியில் வைக்கும்வரை லைனிலேயே இருந்தார். நூற்றுக்கும் மேல் குஞ்சுகள் வந்தன. அந்தக் குஞ்சுகளில் பெரும்பாலானவை நன்றாக வளர்ந்தன. என் வீட்டில் இப்போதும் திரிகின்றன. எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அக்காவுக்கு மட்டும் முகம் தெளியவில்லை. "மிச்சம் கொட்டத்தானே செஞ்சோம்" என்றார்.

மூன்றாவது முறைதான் இந்த ஞாயிறு. அதற்கு முந்தின வாரம் அவர் இடது கையை நீவிக்கொண்டே இருந்ததைப் பார்த்தேன்.

"ஏனுங்க்கா, ஒரு ஈசிஜி எடுத்துப் பாத்துருங்க."

"ஞாயித்துக்கிழமை முடியட்டும் கண்ணு. திங்கக்கிழமை போறேன்."

"கார் எடுக்கறேன், இப்பவே போயிட்டு வந்துரலாமுங்க்கா."

"சும்மா இரு தம்பி."

மருத்துவமனையிலேயே காலம் கழித்தவர். வலியைப் பொருட்படுத்தாமல் இருந்துவிட்டுத் தாமதமாக வருகிறவர்களை நாளெல்லாம் திட்டியவர். அவரே இப்படிச் செய்தார் என்பதை நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை.

வெள்ளிக்கிழமை கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் முடிந்து திரும்பினால் கூண்டுகள் காலியாக இருந்தன. "கேட்டவங்களுக்குக் குடுத்துட்டனுங்க. நாங்க அப்பார்ட்மென்ட்டுல இருக்கறவங்க, நான் என்னங்க பண்ணட்டும்?" என்றார் சேவியர். அழுது அழுது அவர் கண்கள் வீங்கியிருந்தன. அந்த முகத்தைப் பார்த்துக் கத்த முடியவில்லை. வருடக்கணக்காகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த கோழிகள் ஒரே மதியத்தில் போய்விட்டன. விசாரித்துக்கொண்டு ஒரு வீட்டுக்குப் போனேன். குழம்பு வைத்துவிட்டிருந்தார்கள். "கறி கறுப்பா இருந்துச்சுங்க, புள்ளைங்க தொடவே இல்லை" என்று அந்த வீட்டுப் பெண்மணி குறைப்பட்டார். அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

துவைக்கிற கல்லுக்குப் பின்னால் பழைய சிமென்ட் தொட்டிக்குள் ஒரு வெள்ளைப் பெட்டை மட்டும் யார் கண்ணிலும் படாமல் அடையில் இருந்தது. ஆள் நடமாட்டத்தில் மிரண்டு இறங்கி ஏறியதில் முட்டைகள் ஆறிப் போயிருந்தன. பெட்டையையும் முட்டையையும் கூடையில் வைத்து என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வேண்டாம் என்று சொல்ல ஜாபரைக் கூப்பிட்டேன். "முட்டைக்குள்ள இருக்கறது நாம சொன்னாக் கேக்குமுங்களா?" என்றார். அது உண்மைதான். சனிக்கிழமை சாவி வாங்கிக்கொண்டு, அக்கா வாங்கி வைத்திருந்த மருந்தை எடுக்கப் போனால், சேவியர் வீட்டைப் பூட்டும்போது மெயினை அணைத்துவிட்டிருந்தார். ஃபிரிட்ஜிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மருந்து கெட்டிருக்கும். கோயம்புத்தூருக்கு ஓடி, கடை சாத்துவதற்குள் இன்னொரு பாட்டிலை ஐஸில் வைத்து வாங்கி வந்தேன்.

ஞாயிறு காலை தறிகளை நிறுத்திவிட்டுக் கூடத்தில் மேசை போட்டேன். நாலைந்து பேர் வருவார்கள் என்று நினைத்தேன். அன்னூர், பல்லடம் என்று எங்கெங்கிருந்தோ தக்காளிக் கூடையிலும் செருப்புப் பெட்டியிலும் குஞ்சுகளோடு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பலருக்கு அக்கா இறந்ததே தெரியாது. முன்பின் பார்க்காத ஒருவர், "போன்லயே அந்தத் திட்டுத் திட்டுனாங்கங்க. அதான் தப்பாம வந்துட்டேன். எங்கீங்க அவங்க?" என்றார். சொன்னதும் கூடையை மடியில் வைத்துக்கொண்டு தறிமேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். இத்தனை பேரை எப்போது, எப்படிச் சேர்த்தார்? எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஊசி போடும் வேலையை எப்போதும் அக்காவே செய்வார். ஊசியை எடுத்தும் எனக்குக் குத்த வரவில்லை. நாச்சிமுத்து குஞ்சின் கழுத்தைப் பிடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். சரஸ்வதி அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "நவுருங்க" என்று ஊசியை வாங்கினாள். போன முறை அக்கா பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். மருந்து வீணாவதற்குள் அத்தனை குஞ்சுக்கும் போட்டு முடித்தோம். ஆயிரம் இல்லை, ஆனால் போன முறையைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

அக்காவின் பெட்டை மட்டும் அன்று பொரிக்கவில்லை. முட்டைகள் ஆறியதால் தள்ளிப் போய்விட்டது. திங்கட்கிழமை காலை மூன்று குஞ்சுகள் வெளியே வந்தன. அக்காவின் வீட்டிலிருந்து மிஞ்சிய குஞ்சுகள் அவைதாம், அவற்றுக்குத்தான் ஊசி இல்லை. அக்கா ஈசிஜி எடுக்கப் போகிறேன் என்று சொன்ன அந்தத் திங்கட்கிழமையில் மறுபடி கோயம்புத்தூர் போய் இன்னொரு பாட்டில் வாங்கி வந்தேன். தெருத் தெருவாகக் கேட்டும் அன்று பொரித்த குஞ்சு வேறு யாரிடமும் இல்லை. சரஸ்வதி மூன்றுக்கும் போட்டாள். மீதியை நான் கொட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இதை எழுதும்போது அந்தப் பெட்டை சிறகை விரித்துப் படுத்திருக்கிறது. மூன்று மஞ்சள் தலைகள் வெள்ளைப் பஞ்சுக்குள்ளிருந்து வருவதும் போவதுமாக இருக்கின்றன. அடுத்த தேதியை ஜாபர் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். நாச்சிமுத்துவை முட்டை வைக்கும்வரை லைனில் பிடித்து வைக்கும் வேலை எனக்கு.

போய் வாருங்கள் அக்கா. எங்கள் கோபத்தை நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டாம். எங்களை ஒரு நாளும் நீங்கள் பொறுத்துக்கொண்டதில்லை. அதனால்தான் அத்தனை பேரும் நேரத்துக்கு வந்து சேர்ந்தோம்.