அசையாமல் உட்கார்ந்திருந்தவள்

செய்தி வந்தபோது நான் பாலக்கோடு மண்டியில் தக்காளிப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தேன். செல்போனில் ஸ்டெல்லா என்று பெயர் வந்தது. அந்த நேரத்தில் அந்தப் பெயர் வந்தால் என்ன கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். அதனால் காதில் வைத்ததுமே, "போட்டுட்டேம்மா, மாத்திரை போட்டுட்டேன்" என்றேன். போடவில்லை. மாத்திரை சட்டைப் பையில்தான் இருந்தது. அந்தப் பக்கம் என் மகன் தினேஷின் குரல்தான் வந்தது. "அப்பா, அவங்க போயிட்டாங்கப்பா."

அவளைக் காய்ச்சல் என்று தருமபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். தேறிவிடுவாள் என்று நம்பித்தான் அன்று காலை வண்டியை எடுத்தேன். மீதிப் பெட்டிகளை யார் இறக்கினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஸ்டெல்லா என் மருமகள். காரிமங்கலத்தில் மெடிக்கல் கடை வைத்திருந்தவள். இதைப் படிக்கிற உங்களில் பாதிப்பேர் அவளிடம் மருந்து வாங்கியவர்கள், மீதிப்பேர் அவளைத் தினேஷ் வரைந்த படத்தில் பார்த்தவர்கள். முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சின்னப் புத்தகம் போடுகிறோம், நீங்கள் எழுதுங்கள் மாமா என்று அவள் தங்கை செலின் சொன்னாள். பத்தாம் வகுப்பு ஒரு தரம் படித்தால் போதாதென்று இரண்டு தரம் படித்தவன் நான். அதன் பிறகு குட்டியானை லோடு வண்டிதான் ஓட்டுகிறேன். எழுதவோ வரையவோ தெரிந்தவன் தினேஷ். அவன் அவள் போன நாளிலிருந்து பென்சிலைத் தொடாமலே இருந்தான். அவன் திரும்பத் தொடுவானா என்பதுதான் எங்கள் வீட்டில் இருந்த ஒரே கவலை.

தினேஷ் பகலில் ஃப்ளெக்ஸ் கடையில் வேலை பார்க்கிறான். கல்யாணம், காதுகுத்து, கட்சிக்காரர் பிறந்தநாள் என்று யார் வந்தாலும் முகத்தைச் சிவப்பாக்கி வயதைக் குறைத்துக் கொடுப்பது அவன் பிழைப்பு. விடுமுறையில் தனக்கென்று படக்கதை வரைவான். ஜப்பான்காரர்கள் வரைவது போல. அதற்கு மங்கா என்று பெயர். அந்தப் பெயரை வைத்து நான் ஒரு ஜோக் அடித்தேன். ஸ்டெல்லா மரியாதைக்காக ஒரு முறை சிரித்தாள், இரண்டாவது முறை சிரிக்கவில்லை.

அவளை அவன் சந்தித்ததே அந்தப் படத்தால்தான். வரைந்து வரைந்து கை வலிக்கிறது என்று தைலம் வாங்கப் போனான். பிறகு வாரம் தவறாமல் போனான். வீட்டு அலமாரியைத் திறந்தால் தைல டியூபாகக் கொட்டியது. என் மனைவி அலமேலு, "இவன் கையில தேய்க்கறானா, தோசைக்கு ஊத்தறானா?" என்றாள். எடுத்துப் பார்த்தால் ஒரு டியூப் மூடிகூடத் திறக்கவில்லை. வலி வேறு இடத்தில் என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

விசாரித்தால், பெண்ணுக்கு அவனைவிடப் பதினோரு வயது அதிகம். அம்மா அப்பா இல்லாமல் தங்கையை வளர்த்து, படிக்கவைத்து, கட்டிக்கொடுத்து, தனக்கென்று எதுவும் பார்க்காமல் இருந்துவிட்டவள். வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். அதைக்கூட அலமேலு விழுங்கிவிட்டாள், வயதுதான் தொண்டையில் நின்றது. "கல்யாணப் பந்தல்ல நிக்க வச்சா, பொண்ணோட அம்மா எவ்வளவு லட்சணமா இருக்காங்கன்னு கேப்பாளுங்க" என்று அழுதாள். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காரிமங்கலம் கிளம்பினேன், நாலு வார்த்தை கேட்டுவிட்டு வர.

கடையில் கூட்டம். வரிசையில் நின்றுதான் சண்டை போட வேண்டியிருந்தது. என் முறை வந்ததும், "எம் பையன் வயசு என்னா, உன் வயசு என்னா?" என்று ஆரம்பித்தேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"நீங்க தினேஷ் அப்பாங்களா? உக்காருங்க. கண்ணெல்லாம் செவந்து கெடக்குது. கையக் குடுங்க."

கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று தெரியவில்லை. பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தாள்.

"நூத்தி எழுபதுங்க. இத வச்சிக்கிட்டு சண்டை போடக் கூடாது. எதிர்லயே டாக்டர் இருக்காரு. பாத்துட்டு, அவரு எழுதற மாத்திரைய ஒரு வாரம் போட்டுட்டு வாங்க. நிதானமா சண்டை போடலாம். நான் எங்கயும் போவமாட்டேன்."

ஒரு வாரம் கழித்துப் போனேன். பிரஷர் இறங்கியிருந்தது. கூடவே கோபமும் இறங்கிவிட்டது. மருந்து வேலை செய்கிறது என்று சொல்லிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். அலமேலு வாசலிலேயே நின்றாள். "என்னா கேட்டீங்க?" "உப்பைக் குறைக்கச் சொல்லிச்சு" என்றேன். அந்தக் கல்யாணம் அப்படித்தான் நடந்தது.

கல்யாணத்துக்கு அப்புறமும் தினேஷ் அவளை நீங்க, வாங்க என்றுதான் பேசினான். அவள் அவனை டேய் என்பாள். நான் கிண்டல் செய்தால், "மாமா, மரியாத குடுக்கற புருஷன் எத்தன பேருக்குக் கெடைக்குது? கெடுத்துடாதீங்க" என்பாள்.

இனி அந்தப் படக்கதை. ஓவியம் வரைந்து சோற்றுக்குத் தவிக்கிற ஒரு பையன், அவனைவிட மூத்த ஒரு பெண், இரண்டு பேரும் சேர்வார்களா மாட்டார்களா என்பதுதான் கதை. காரிமங்கலம் பஸ் ஸ்டாண்டு, வாரச்சந்தை எல்லாம் அதில் வரும். செல்போனில் போடுவான். யாரென்றே தெரியாதவர்கள் படித்துவிட்டு அடுத்தது எப்போது என்று கேட்பார்கள். தினேஷிடம் ஒரு குறை உண்டு. யோசித்து வரைய வராது, எதிரில் ஆள் உட்கார்ந்தால்தான் கை ஓடும். அப்படி உட்காருகிறவர்களுக்குக் காசு கொடுக்க அவனிடம் ஏது? ஸ்டெல்லாதான் உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்து, மதியம் முழுக்க ஜன்னலோரம் அசையாமல் உட்கார்ந்திருப்பாள்.

முதலில் அவன் வரைந்த பெண்ணுக்குக் குளம் மாதிரிக் கண்ணும் இடுப்பு வரை கருகருவென்று முடியும் இருந்தது. ஸ்டெல்லா படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"யாருடா இது? நம்ம செலின் பொண்ணா?"

"நீங்கதான்."

"ஃப்ளெக்ஸ் கடைய வூட்டுக்குக் கொண்டாராத. நரையப் போடு. கண்ணுக்குக் கீழ சுருக்கம் இருக்குதில்ல, அதப் போடு. அதையெல்லாம் பாத்துட்டும் அவன் வர்றான்னாதான் அது கதை."

அவன் நரையைப் போட்டான். அதிலிருந்துதான் அந்தக் கதையை நிறையப் பேர் படித்தார்கள்.

ஒரு நாள் சென்னையிலிருந்து ஒரு கம்பெனிக்காரர்கள் பேசினார்கள். கதையை வாங்கிக்கொள்கிறோம், மாதச் சம்பளம் மாதிரிக் கொடுக்கிறோம், பெண்ணின் வயதை மட்டும் பையனுக்குச் சமமாக்குங்கள் என்றார்கள். நான் துள்ளினேன். கல்யாணத் தரகர் செய்யாததையா கேட்கிறார்கள், குறைத்துக் கொடுத்துவிட்டு ஃப்ளெக்ஸ் கடைக்கு முழுக்குப் போடு என்றேன். தினேஷ் ஸ்டெல்லாவைப் பார்த்தான். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள், திரும்பவில்லை.

"உன் கதை. உன் இஷ்டம். கொறைச்சா நான் உக்காரமாட்டேன், அவ்வளவுதான். சின்னப் பொண்ணா யாரையாவது பாத்துக்க."

அவன் மறுநாள் வழக்கம் போல ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனான். எனக்கு இரண்டு நாள் வயிற்றெரிச்சல். அதற்கும் அவளே மாத்திரை கொடுத்தாள்.

ஜப்பான் புத்தகம் ஒன்று அவன் மேசையில் கிடக்கும். பாஷை தெரியாவிட்டாலும் படம் பார்க்கலாமே என்று ஒரு நாள் புரட்டினேன். ஆரம்பத்திலேயே இருவரும் ரயிலடியில் அழுது பிரிகிறார்கள், அப்புறம் சண்டை, அப்புறம் சிரிப்பு, கடைசியில் ஒருவரையொருவர் யாரென்றே தெரியாமல் மழையில் நிற்கிறார்கள். என்ன கதை இது என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. அந்தப் புத்தகத்தைப் பின்னாலிருந்து படிக்க வேண்டுமாம். "ஆனா உங்க வழியே நல்லாருக்குதுங்க மாமா. பிரிஞ்சதுல ஆரம்பிச்சிட்டா, அதுக்கப்புறம் பயமில்ல பாருங்க" என்றாள். அன்றைக்கு நானும் சிரித்தேன்.

கதையில் பையனுடைய அப்பாவும் வருவார். நான்தான் அது. தொந்தி, துண்டு, சத்தம். என்னை உட்காரச் சொன்னபோது, "ஊரே பாக்கற படத்துல என் தொந்தியா?" என்று மறுத்துவிட்டேன். ஒரு ஞாயிறு சவாரி சீக்கிரம் முடிந்து வந்தால், உள்ளே நான் கத்திக்கொண்டிருக்கிறேன். எட்டிப் பார்த்தேன். ஸ்டெல்லா என் சட்டையைப் போட்டு, உள்ளே தலையணை கட்டி, மைப் பென்சிலால் மீசை வரைந்து, தோளில் என் துண்டோடு நின்றாள். "எம் பையன் வயசு என்னா, உன் வயசு என்னா!" என்று விரலை நீட்டியபடி அப்படியே அசையாமல் நிற்கிறாள், இவன் வரைகிறான். ஓரத்தில் அலமேலு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். பந்தலை நினைத்து அழுத அதே அலமேலு.

"நான் அன்னிக்கு இப்படியா கத்தினேன்?" என்றேன்.

"இல்லீங்க மாமா. இன்னும் கொஞ்சம் சத்தமா. அக்கம்பக்கத்தவங்க பயந்துக்குவாங்கன்னு கொறைச்சிக்கிட்டேன்."

ஒகேனக்கல்லில் பரிசல் காட்சி வேண்டும் என்று என் வண்டியிலேயே மூன்று பேரும் போனோம். பரிசல்காரர், "அக்கா, தம்பிய நடுவுல உக்காரச் சொல்லுங்க" என்றார். தினேஷுக்கு முகம் செத்துவிட்டது. ஸ்டெல்லா அலட்டிக்கொள்ளவே இல்லை. "தம்பி இல்லீங்க, வூட்டுக்காரரு. நடுவுலயே உக்காரட்டும், தண்ணின்னா பயம்" என்றாள். பரிசல்காரர் துடுப்பை இரண்டு தரம் சும்மா போட்டார். அவள் தலையைத் திருப்பித் தண்ணீரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். அந்தத் திரும்பலைத்தான் வரைய வேண்டும் என்று தினேஷ் வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான்.

அந்தப் பக்கத்தில்தான் கதை நின்றுபோனது. தண்ணீர் வரைந்தாயிற்று, பரிசல் வரைந்தாயிற்று, நடுவில் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிற பையனையும் வரைந்தாயிற்று. அவள் இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. அந்த ஞாயிறுதான் உட்காருவதாக இருந்தாள். வியாழனே காய்ச்சல்.

அடக்கத்தன்று ஃப்ளெக்ஸ் கடைப் பிள்ளைகள் பாசத்தில் பெரிய அஞ்சலி பேனர் கொண்டுவந்து கட்டினார்கள். பழக்கதோஷத்தில் முகத்தைச் சிவப்பாக்கி, நரையை எடுத்து, சுருக்கத்தைத் துடைத்து, இருபத்தைந்து வயது ஆக்கிவிட்டார்கள். அதுவரை வாயே திறக்காத தினேஷ் அதைப் பார்த்து, "யாருப்பா இது?" என்றான். பாவம், பிள்ளைகள் ஓடிப்போய் வேறு அடித்துக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு அவன் வேலைக்குப் போவான், வருவான், அந்தப் பக்கத்தின் முன்னால் உட்காருவான், எழுந்துவிடுவான்.

போன ஞாயிறு எனக்குப் பொறுக்கவில்லை. வண்டியிலிருந்து ஒரு காலித் தக்காளிப் பெட்டியை எடுத்துவந்து ஜன்னலோரம் அவள் உட்காரும் இடத்தில் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தேன்.

"என்னப்பா பண்றீங்க?"

"தண்ணியப் பாக்கறேன்."

தினேஷ் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றான். பிறகு, "அவங்க கழுத்து உங்களுக்கு இல்லப்பா" என்றான்.

"எனக்கு எந்தக் கழுத்துமே இல்லடா, தெரிஞ்ச விஷயம்தான். தோளு இருக்குதில்ல? உக்காந்திருக்கறது எப்படின்னு பாத்துக்க. கழுத்து உனக்குத்தான் தெரியுமே. நரைக்கு மட்டும் என்னையே பாத்துப் போடு, அதுல கொறை வைக்கல."

அலமேலு கரண்டியோடு எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். கொஞ்சம் கழித்து நாற்காலி நகர்ந்தது. அதற்கும் கொஞ்சம் கழித்து, "இந்தப் பக்கம் இல்லப்பா, அவங்க எடது பக்கம் சாய்வாங்க" என்றான். சாய்ந்தேன். முதுகுக்குப் பின்னால் காகிதத்தில் பென்சில் உரசுகிற சத்தம் கேட்டது.

காலே மரத்துப்போனது. மூக்கு அரித்தது. தக்காளிப் பெட்டியின் விளிம்பு எங்கெங்கோ குத்தியது. அந்தப் பிள்ளை இத்தனை வருஷம் இதைத்தான் செய்தாளா, ஒரு நாள்கூட வலிக்கிறது என்று சொன்னதில்லையே என்று நினைத்துக்கொண்டேன். இப்போது காலையில் யாரும் போன் செய்து கேட்பதில்லை, மாத்திரையை நிஜமாகவே போடுகிறேன். அது அவள் கொடுத்தது, இருக்கட்டும். ஆனால் அவளிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துவைத்துக்கொண்டது வேறு. ஒருவன் தன் வேலையைச் செய்து முடிக்கிறவரைக்கும் அவன் எதிரில் அசையாமல் உட்கார்ந்திருப்பது. எனக்கு அது இன்னும் சரியாக வரவில்லை. அன்றைக்கு இரண்டு முறை நெளிந்துவிட்டேன்.

"அசையாதீங்கப்பா" என்றான்.

நான் அசையவில்லை.