கவுன்சிலிங் மேடத்தின் முகம்

அன்புச்செல்விக்கு வாய் ஓட்டை இல்லை, முகம்தான் ஓட்டை. மனசுக்குள் ஒன்று விழுந்தால் போதும், மறு நொடி புருவத்தில் வந்து நிற்கும். சின்ன வயதில் சீட்டாடக்கூட அவளைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அப்பேர்ப்பட்டவளைப் பிடித்து, திருவண்ணாமலையில் ஒரு தனியார் மருத்துவமனை எச்.ஐ.வி. பரிசோதனைக்கு ஆலோசகராக உட்கார வைத்தது. இரண்டாயிரமாவது வருஷம். ரத்தம் கொடுத்தவர்களை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு, ரிசல்ட் சொல்லி, மேற்கொண்டு என்ன செய்வதென்று பேச வேண்டியது அவள் வேலை. எல்லோருக்கும் அவள் கவுன்சிலிங் மேடம்.

அவள் செய்த தப்பு இதுதான். ரிசல்ட் நல்லபடியாக வந்தால் கதவு திறந்தபடியே இருக்கும். சிரித்துப் பேசி அனுப்பிவிடுவாள். பாசிட்டிவ் என்றால் எழுந்து போய்க் கதவைச் சாத்துவாள். அழுகிறவர்களை நாலு பேர் பார்க்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்! வெளியே பெஞ்சில் காத்திருக்கும் ஜனத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? ராஜம்மாள் என்ற இட்லிக் கடைக்காரி ஒருநாள் உள்ளே போனாள். கதவு சாத்தப்பட்டது. அவள் வெளியே வருவதற்குள் சேதி அவள் தெருவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாளே வீட்டுச் சொந்தக்காரன் அவள் சாமான்களை வெளியே எடுத்து வைத்தான்.

"நீ ஒரு வார்த்தையும் சொல்லலைனு எனக்குத் தெரியும்மா. உன் கதவு சொல்லிடுச்சு" என்றாள் ராஜம்மாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அன்று அன்புச்செல்விக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரமே இளவரசனைத் தேடிப் போனாள். ஊர் ஊராக வீதி நாடகம் போட்டு எழுத்தறிவு இயக்கத்துக்கு ஆள் சேர்த்தவன் அவன். அவளைவிட நாலு வயது சின்னவன். செங்கம் ரோட்டில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து நர்சுகளுக்கும் வாத்தியார்களுக்கும் நடிப்புப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தான். பக்கத்து அறையில் வெள்ளைக்காரர்கள் கண்ணை மூடித் தியானம் செய்ய, இங்கே இவள் ஒரு நாற்காலியில் உட்காருவதும் எழுவதுமாக இருந்தாள்.

"மூஞ்சிய மறைக்கப் பாக்காதீங்க மேடம், இன்னும் ஜாஸ்தியா தெரியும். மூஞ்சிய விட்டுட்டு உடம்பப் புடிங்க" என்றான் இளவரசன். மூச்சை முழுசாக விட வேண்டும். நாற்காலியைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி, முழங்கால் எதிரில் இருப்பவர் பக்கம் இருக்க உட்கார வேண்டும். இரண்டு உள்ளங்கையும் மடியில் திறந்திருக்க வேண்டும். அப்புறம்தான் பேச்சு. யார் வந்தாலும் இதே வரிசை. கதவும் எல்லோருக்கும் சாத்தித்தான் இருக்கும்.

"ஏம்ப்பா, நான் என்ன கொலு பொம்மையா?" என்று சிடுசிடுத்தாள். ஆனாலும் ஆறு மாசம் விடாமல் போனாள். கடைசியில் பெஞ்சுக்காரர்கள் என்ன எட்டிப் பார்த்தும் ஒரு மண்ணும் தெரியவில்லை. அவளுக்கு அவ்வளவு பெருமை!

இரண்டு வருஷம் கழித்து, ஓர் ஆனி மாதம் அருள்ராஜ் வந்தான். கீழ்பென்னாத்தூரில் அப்பாவோடு உரக்கடை நடத்துகிறவன். பாசிட்டிவ் என்று கேட்டதும் அவன் அழவில்லை. அவளுடைய திறந்த உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வீட்டுல பொண்ணு பாக்கறாங்க மேடம்."

"பொண்ணு வீட்டுக்கு நீங்களே சொல்லிடணும். நான் யாருக்கும் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன்."

"சொல்லிடறேன் மேடம்" என்று போனவன் திரும்பி வரவே இல்லை.

ஆவணியில் மதிவதனி ஒரு போட்டோவை எடுத்துக்கொண்டு மாடி ஏறி வந்தாள். வேங்கிக்காலில் அன்புச்செல்வி தனியாகக் குடியிருந்த மாடி வீட்டின் சொந்தக்காரி பச்சையம்மாளின் மகள் அவள். "மாப்பிள்ளை எப்படி இருக்காருக்கா?" என்று போட்டோவை நீட்டினாள். அருள்ராஜ்! அன்புச்செல்வியின் மூச்சு தானாக வெளியே போனது, உள்ளங்கை திறந்தது. முகத்தில் ஒரு துளி சிந்தவில்லை.

"உனக்குப் புடிச்சிருக்கா மதி?"

"உங்களுக்கே புடிச்சிருக்கு, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது!" என்று அந்தப் பெண் துள்ளிக்கொண்டு கீழே ஓடினாள். அன்புச்செல்வியும் பின்னாலேயே படி இறங்கினாள்.

கல்யாணத்துக்கு முன்னால் எல்லோருமே ரத்தம் சோதிப்பது நல்லது என்று பச்சையம்மாளிடம் பொதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "நல்ல காரியத்துல ஆஸ்பத்திரிப் பேச்சு எதுக்கு?" என்று அந்தம்மா வெடுக்கென்று எழுந்து போய்விட்டாள். அன்புச்செல்வி கீழ்பென்னாத்தூருக்கே பஸ் ஏறினாள். அவளைக் கண்டதும் அருள்ராஜ் பின்பக்கமாக நழுவிவிட்டான். கல்லாவில் அவன் அப்பா. வாய் திறக்க முடியாமல் ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்கு வாங்கிக்கொண்டு திரும்பினாள். தொட்டிச் செடிகூட இல்லாதவளுக்கு அது எதற்கு, சொல்லுங்கள்!

நிச்சயத்தன்று அன்புச்செல்விதான் காபித் தட்டோடு கூடத்துக்குள் வந்தாள். அவளைப் பார்த்ததும் அருள்ராஜ் முகம் வெளுத்தது. கண்ணாலேயே கெஞ்சினான். சொன்னால் இன்னொரு ராஜம்மாள். இந்தத் தடவை கதவு இல்லை, அவள் வாயே. சொல்லாவிட்டால் உள்ளே பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மதி. ஐயோ, எந்தப் பக்கம் திரும்புவாள்?

தட்டைக் கீழே வைத்தாள். காலியாக இருந்த நாற்காலியை அவன் எதிரே இழுத்து, கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி உட்கார்ந்தாள். மூச்சை விட்டாள். முழங்கால் அவன் பக்கம். இரண்டு உள்ளங்கையும் மடியில் திறந்து வைத்தாள். மற்றவர்களுக்கு அது வேலை செய்து களைத்த பொம்பளை உட்கார்ந்த மாதிரி. அவன் ஒருவனுக்குத்தான் அது தெரியும். இதற்குப் பிறகு என்ன சொல்லப்படும் என்பதும் தெரியும்.

"தட்ட மாத்திக்கலாம்பா" என்றார் யாரோ ஒரு பெரியவர்.

அருள்ராஜ் எழுந்து நின்றான். "இந்தக் கல்யாணம் வேணாங்க. பொண்ணு மேல ஒரு குறையும் இல்ல. குறை என்கிட்டதான்." சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிப் போய்விட்டான்.

பச்சையம்மாள் பார்த்தது ஒன்றே ஒன்று: மாப்பிள்ளை மாடி வீட்டுக்காரியையே பார்த்தான், எழுந்து போனான். "எத்தினி நாளா நடக்குது இது? இதுக்குத்தான் கல்யாணம் கட்டாம இருக்கியா?" என்று மாடிக்கே வந்து கத்தினாள். மாசக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொன்னாள். அன்புச்செல்வியிடம் பதில் இருந்தது. சொல்லத்தான் முடியவில்லை.

சாமான்களை ஆட்டோவில் ஏற்றிய அன்று மதி கேட் பக்கத்தில் நின்றாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கக்கா. அவர உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

அந்தப் பழைய ஓட்டை முகம் ஒரே ஒரு நொடி திரும்பி வராதா என்று அன்புச்செல்விக்கு ஏக்கமாக இருந்தது. அது வரவில்லை. மூச்சு தானாக வெளியே போனது, உடம்பு கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பியது.

"அப்படி ஒண்ணுமில்ல மதி."

"பொய்யா நிஜமானுகூட உங்க மூஞ்சில தெரியலயே! அழுதாவது தொலைங்களேன்!"

மதி கேட்டை இழுத்துச் சாத்தினாள். ஆட்டோ மெயின் ரோட்டுக்கு வந்த பிறகும் அன்புச்செல்வியின் உள்ளங்கைகள் மடியில் திறந்தபடியே கிடந்தன.