செல்லம்மாளைத் துரத்திய நாள்

என்மீதே எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் தென்காசியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தேன். பச்சைக் குழந்தைகளுக்குச் சீழ்க்கொப்புளம் கிளம்பியது. பென்சிலின் ஊசிக்கும் அடங்கவில்லை. குழந்தைகளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, மூக்கில் ஊதிவிடுகிற குற்றாலத்துச் செல்லம்மாள்மீது பாய்ந்தேன்.

“உன் வாய்தான் விஷம். வெளிய போடி!”

“ஊதாம விட்டா பிள்ளைக்கு மூச்சு முட்டும்லா, நர்சம்மா?” என்றவள், எண்ணெய்க் கிண்ணத்தோடு போய்விட்டாள்.

அவள் போன பிறகும் கொப்புளம் நிற்கவில்லை. ஒரு குழந்தை இறந்தது. டாக்டர் செல்லம்மாளையும் வரவழைத்து, எல்லோர் மூக்கிலும் பஞ்சால் துடைத்தெடுத்துச் சென்னைக்குச் சோதனைக்கு அனுப்பினார். குழந்தைகளின் சீழில் இருந்த, பென்சிலினுக்கு மசியாத அதே ரகக் கிருமி ஒரே ஒருவர் மூக்கில் குடியிருந்தது. அது என் மூக்கு. எனக்கோ ஒரு தும்மல்கூட இல்லை. முகத்துணி புழுக்கமென்று மூக்குக்குக் கீழே இறக்கிவிட்டுத்தான் குழந்தைகளைத் தூக்கியிருக்கிறேன்.

சாரலில் நனைந்தபடி குற்றாலம் போய் அவளிடம் சொன்னேன்.

“அன்னைக்கு ஊரே கேக்கக் கத்துனீய. இன்னைக்கு என் காதுல மட்டும் சொல்லுதீயளோ?”

மறுநாள் வார்டு நடுவே நின்று, தாய்மார்கள் எல்லோரும் கேட்க உரக்கச் சொன்னேன். இறந்த குழந்தையின் தாய் மட்டும் அங்கே இல்லை. அவளைத் தேடி நான் இன்றுவரை போகவில்லை.